இரண்டாம் முறை திறந்த படம்

அலுவலகத்தில் அவனைப் பூட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, மனசு கேட்காமல் திரும்பிப் போய்ப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற ஆள். ஒரு நாள் அதைப் பக்கத்து இருக்கைக்காரன் பார்த்துவிட்டான். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் காற்றோடு போயிற்று. "என்ன பூட்டு, இன்னிக்கு எத்தனை இழுப்பு?" என்பதுதான் காலை வணக்கம்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் அடித்த மழையில் கூரை ஒழுகி, தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மதிப்பெண் சான்றிதழ் ஊறி, எடுத்தபோது கையோடு பிய்ந்து வந்தது. நகல் வாங்க அப்பா பதினோரு தடவை கல்வி அலுவலகம் ஏறி இறங்கினார். ஒவ்வொரு தடவையும் கல்குவாரியில் ஒரு நாள் வேலை போயிற்று. பதினோராவது தடவை அங்கிருந்த எழுத்தர், "உம்மவன் பாஸ் பண்ணினான்னு நீ சொன்னா ஆச்சா? பேப்பர் எங்க?" என்று கேட்டதை அவன் அப்பாவின் பக்கத்தில் நின்று கேட்டான். பேப்பர் போனால் ஆளே போன மாதிரி. அது அன்றைக்கு எலும்பில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை.

அந்தக் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவன். பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவனே. பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதன் நகல்கள் மூன்று இடங்களில் இருந்தன: ஒன்று அலமாரியில், ஒன்று அலுவலக மேசை அறையில், ஒன்று அம்மாவின் புடவைகளுக்கு அடியில். ஸ்கேன் செய்த பிரதி மடிக்கணினியில் தனி. இப்படி எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்தவன் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வைக்கவில்லை.

அவன் வேலை பார்த்தது டயர் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ரப்பர் வாசம் ஏறி வருகிற ஒரு சின்ன நிறுவனத்தில். மொத்தம் பதினொரு பேர். ஸ்கேன் மையங்களின் படங்களைச் சேமித்து, கேட்டபோது எடுத்துக் காட்டுகிற மென்பொருள்தான் அவர்கள் சரக்கு. அதை வாங்கிய மையம் ஒன்று பத்து நிறுத்தம் தள்ளி இருந்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இருமல் நிற்காதபோது, அவன் அங்கேதான் அழைத்துப் போனான்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் கல் உடைத்தவள். வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் ஒரு புள்ளி, ஒன்பது மில்லிமீட்டர். "இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம்," என்றார் டாக்டர். "வருஷம் முடியறதுக்குள்ள இன்னொரு படம் எடுப்போம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். வளரலைன்னா விட்டுடலாம். வளந்திருந்தா நெஞ்சைத் திறக்கணும்." போகும்போது இன்னொன்றும் சொன்னார். "பழைய படம் கண்டிப்பா வேணும். ரிப்போர்ட்ல எழுதியிருக்கிற நம்பரை மட்டும் நம்பி நான் கத்தி எடுக்கவும் மாட்டேன், வீட்டுக்கு அனுப்பவும் மாட்டேன்."

அந்த மையத்தில் படத்தைக் குறுந்தட்டில் பதிந்து தருகிற வழக்கம் நின்று போயிருந்தது. இனிமேல் எல்லாம் கணினியிலேயே இருக்கும், எண்ணைப் போட்டால் எங்கிருந்தும் பார்க்கலாம். படம் பார்க்கிற இணையப் பக்கத்தின் தலையில் ஒரு வாசகம் ஓடும்: 'இங்கே வைத்தது எங்கேயும் போகாது.' அதை எழுதியவன் அவன்தான். உலகத்தில் அவன் நகல் எடுக்காமல் நம்பிய ஒரே இடம், தான் கட்டிய இடம்.

அப்பா அதே இருமலில்தான் போனார். அவருக்குப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மென்பொருளின் புதிய பதிப்பு மையத்துக்குப் போனது. அம்மாவுக்குப் புதுப் படம் திங்கட்கிழமையே எடுத்தாயிற்று. வியாழக்கிழமை காலை டாக்டரைப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பழைய படம் தயாராக இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று பத்தே முக்காலுக்கு அம்மாவின் எண்ணைப் போட்டுத் திறந்தான்.

படம் வந்தது. கறுப்பில் இரண்டு சாம்பல் இறக்கைகள் மாதிரி நுரையீரல். வலப்பக்கம் கீழே அந்தப் புள்ளி. நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கியது. மூடினான்.

மூடியவன் சும்மா இருக்கவில்லை. பூட்டு அல்லவா. இன்னொரு தடவை திறந்தான்.

'கோப்பு கிடைக்கவில்லை.'

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேனோ? மறுபடி அடித்தான். 'கோப்பு கிடைக்கவில்லை.' ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து அடித்தான். அதே வரி. 

பிறகு அவனுக்கு விளங்கிவிட்டது. சந்தேகப்பட வழியில்லாமல் விளங்கியதுதான் பெரிய பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு வருஷத்துக்கு மேலான படங்களையெல்லாம் மையத்தின் கணினி ஜிப் கட்டுகளாகச் சுருக்கி வைத்துவிடும். புதிய படங்கள் அதே கணினியின் ஹார்டு டிஸ்க் வட்டில் சாதாரணமாகக் கிடக்கும். எது எங்கே இருந்தாலும் ஜாவாவில் எழுதிய அவர்கள் மென்பொருளுக்கு எல்லாம் ஒரே முகம்தான். கட்டுக்குள் இருப்பதையும் வட்டில் இருப்பதையும் அது ஒரே மாதிரி 'மெய்நிகர் கோப்பு' என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் படத்தை வரைந்து காட்டுகிற நிரல் பழையது. அதற்கு வட்டில் உண்மையாக இருக்கிற கோப்பின் முகவரி வேண்டும், மற்ற எதுவும் புரியாது. அதனால் மெய்நிகர் கோப்பை வட்டுக் கோப்பாக மாற்றித் தருகிற ஒரு குட்டி நிரலை, ஒரு ஃபங்ஷனை, அவன் இந்தப் பதிப்புக்காக எழுதினான். மூன்றே வரி. மாற்று. பழைய நிரலிடம் கொடு. அது எடுத்துக்கொண்டதும் தற்காலிகப் பிரதியை அழி.

கட்டுக்குள் இருக்கிற படத்துக்கு அது சரி. மாற்றும் வேலையைச் செய்கிற ஆயத்த நிரல் தொகுப்புக்கு நூலகம் என்று பெயர். அது கட்டைப் பிரித்து, தற்காலிக ஃபோல்டரில் ஒரு பிரதி போட்டு, அதன் முகவரியைத் தரும். வேலை முடிந்ததும் அதை அழித்தால் வீடு சுத்தம். ஆனால் படம் ஏற்கெனவே வட்டில் இருந்தால்? பிரதி எதற்கு என்று நூலகம் நினைக்கும். அசலின் முகவரியையே நீட்டிவிடும். மூன்றாவது வரி அந்த அசலை அழித்துவிடும்.

பரிசோதனை செய்யாமலா அனுப்பினான்? இரண்டு தடவை செய்தான். ஆனால் நோயாளிகளின் புதுப் படங்களை மையத்துக்கு வெளியே கொண்டுவரக் கூடாது என்பது விதி. பரிசோதனைக்குக் கிடைத்ததெல்லாம் பெயர் நீக்கிய பழைய ஜிப் கட்டுகள். இரண்டு தடவையும் கட்டையே திறந்து பார்த்திருக்கிறான்.

ஆக, ஒரு வருஷத்துக்கு உட்பட்ட எந்தப் படத்தையும் யார் திறந்தாலும் படம் தெரியும், பார்த்த கையோடு அசல் போய்விடும். யாரும் கத்தவில்லை. ஏனென்றால் யாரும் உடனே இரண்டாம் தடவை திறப்பதில்லை.

திரையின் மூலையில் ஒரு சின்ன எண் இருந்தது. இன்று திறந்த படங்கள்: 27. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 28 ஆனது.

கை விசைப்பலகைமேல் போனது. நான்கு எழுத்து அடித்தால் மூன்றாவது வரியை எடுத்துவிடலாம். யாருக்குத் தெரியும்? வட்டு கெட்டுவிட்டது என்று சொல்லலாம், வட்டுகள் கெடத்தானே செய்கின்றன. இந்த நினைப்பு வந்தபோது, எழுத்தரின் முன்னால் வாயடைத்து நின்ற அப்பா ஞாபகத்துக்கு வந்தார். எண் 29 ஆனது. இன்னொருத்தர் அம்மா. இன்னொருத்தர் அப்பா. 30. 31.

போனை எடுத்தான். அவசரத்தில் முதலில் வேறு யாருக்கோ போய்விட்டது. இரண்டாவது தடவை மையத்தின் டெக்னீஷியன் அக்கா எடுத்தாள்.

"அக்கா, யாரும் எந்தப் படத்தையும் திறக்காதீங்க. இப்பவே சொல்லுங்க."

"என்னப்பா சொல்ற? இங்க மூணு டாக்டருங்க உக்காந்திருக்காங்க. படத்தைத் திறக்காம என்ன, பல்லாங்குழியா ஆடுவாங்க?"

"விளையாட்டு இல்லக்கா. திறந்தா அழிஞ்சிடும். ஏற்கெனவே திறந்து வெச்சிருக்காங்கல்ல, அதை மூடவும் மூடாதீங்க."

"திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது. ஒரு நிமிஷம் இரு, மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்றேன், எல்லாம் சரியாயிடும்."

"ஐயோ அக்கா!" அவன் கத்திய கத்தலில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "கை வெக்காதீங்க! ஆஃப் பண்ணினா சுத்தமா போயிடும். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கக்கா, உங்க கால்ல விழறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சரி சரி. நின்னுட்டேன். நீ மூச்சு விடு முதல்ல."

அந்தக் கணினியில் ஒரு குணம் உண்டு. ஒரு கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், அதன் பெயரை அழித்தாலும் உள்ளடக்கம் வட்டை விட்டுப் போகாது. பிடி விடும்வரை இருக்கும். திறந்திருக்கிற ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு படம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவற்றை மீட்கலாம். அம்மாவுடையதை மீட்க முடியாது. அதை அவன் மூடிவிட்டான். இரண்டாம் தடவை பார்ப்பதற்காக மூடினான். வேறு எவனாவது இருந்திருந்தால் திறந்தபடி போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

நிறுவனத்தை நடத்துகிற மேடத்தின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பூட்டு, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

சொன்னான். மூன்று வரியையும் சொன்னான், எழுதியது தான் என்றும் சொன்னான். அவள் கையிலிருந்த பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு திறந்திருக்காங்க மேடம். அதுல பன்னெண்டு ஜிப்ல இருந்தது, அதுக்கு ஒண்ணும் ஆகல. பத்தொம்பது போச்சு. மூணு ஜன்னல் இன்னும் திறந்திருக்கு, அதை எடுத்துடலாம்."

"மிச்சம் பதினாறு."

"ஞாயித்துக்கிழமை எடுத்த பேக்கப் இருக்கு. அதுக்கு அப்புறம் எடுத்த படம் அஞ்சு. அந்த அஞ்சு எங்கயும் இல்ல." அவன் விரல் விட்டு எண்ணினான். "பேக்கப் சரியா இருந்தா பதினொண்ணு திரும்பும். அதுல ஒண்ணு எங்கம்மாது. நாளைக்குக் காலைல அந்தப் படம் வேணும் மேடம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பேக்கப் சரியா இருந்தான்னா? எப்பவாவது எடுத்துப் பாத்திருக்கோமா?"

யாரும் பார்த்ததில்லை. வாரா வாரம் 'முடிந்தது' என்று ஒரு பச்சை வரி வரும். அதை எல்லோரும் நம்பினார்கள்.

"கிளம்பு," என்றாள். "அந்த அஞ்சு பேருக்கும் நீயே போன் பண்ணு. நான் மையத்து முதலாளிகிட்ட பேசிக்கறேன்."

மையத்துக்குப் போகிற வழியிலேயே பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து பேரிடமும் பேசினான். நாலு பேர் முணுமுணுத்துவிட்டு மறுபடி வரச் சம்மதித்தார்கள். ஐந்தாவது ஆள் ஒரு லாரி ஓட்டுநர். "என் முதுகை நான் மறுபடி தூக்கிட்டு வரணுமா? நீ வந்து தூக்குவியா? நீங்கெல்லாம் படிச்சவங்கதானே?" என்று கேட்டார். அவன், "ஆமாண்ணே, தப்பு என்னோடதுதான்," என்றான். அந்தப் 'படிச்சவங்க' மட்டும் இறங்கும்வரை காதில் நின்றது.

மையத்தில் டெக்னீஷியன் அக்கா சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு கணினிக்குக் காவல் நின்றாள். திறந்திருந்த மூன்று படங்களையும் முதலில் வெளியே எடுத்தான். பிறகு பேக்கப் வட்டு. அது முதலாளியின் இரும்பு அலமாரியில் இருந்தது, சாவி முதலாளியிடம், முதலாளி மூன்று மணிக்குத்தான் வருவார்.

காத்திருந்த அந்த நேரத்தில் மூன்று வரியை ஆறு வரியாக்கினான். கோப்பு எங்கே இருந்தாலும் சரி, நம் கையாலேயே ஒரு பிரதி எடு. பழைய நிரலிடம் பிரதியைக் கொடு. நாம் உண்டாக்கியதை மட்டும் அழி, நூலகம் நீட்டியதைத் தொடாதே. எழுதியாயிற்று. எதை வைத்துப் பரிசோதிப்பது? நோயாளிகளின் படத்தைத் தொட அவனுக்குத் தைரியம் இல்லை. மடிக்கணினியைத் திறந்து, தன் பட்டச் சான்றிதழின் ஸ்கேனை எடுத்து அந்த வட்டில் போட்டான். போனால் இது போகட்டும்.

திறந்தான். பெயரும் முத்திரையும் தெரிந்தன. மூடினான். திறந்தான். இருந்தது. பத்து தடவை திறந்து மூடினான். பத்து தடவையும் இருந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் டிகிரியைச் சுவத்துல மாட்டுவாங்க. நீ என்னப்பா அதைப் போட்டு இந்த அடி அடிக்கற?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றேகாலுக்கு வட்டு வந்தது. மேலே தூசி படிந்திருந்தது. இணைத்ததும் உள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றியது, நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. அந்த அரை நிமிஷத்தில் அவன் மனசுக்குள் அம்மாவின் நெஞ்சைத் திறந்து மூடிவிட்டான். வட்டு மறுபடி சுற்றியது. ஃபோல்டர்கள் வரிசையாக இறங்கின. மாதம், தேதி, எண். அம்மாவின் எண் இருந்தது. கோப்பின் அளவு பழைய பதிவேட்டில் இருந்த அளவோடு கடைசி இலக்கம்வரை ஒத்துப்போனது. ஒரு பிரதி எடுத்தான். இன்னொரு பிரதி எடுத்தான். மீதிப் பத்தையும் அதே மாதிரி எடுத்து, அது அது இருந்த இடத்திலேயே வைத்தான்.

"அம்மா படத்தை ஒரு தடவை திறந்து பாத்துடேன்," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா."

"அதான் சரி பண்ணிட்டியே?"

"சரி பண்ணிட்டேன்க்கா. இருந்தாலும் வேணாம்."

பிறந்ததிலிருந்து எதையும் இரண்டாம் தடவை பார்க்காமல் விட்டவனில்லை. அன்று முதல் தடவையே பார்க்க முடியவில்லை. அளவு ஒத்துப்போனால் ஆயிற்றா? உள்ளே பாதிக்கு மேல் வெறும் கறுப்பாக இருந்தால்? திறந்தால்தான் தெரியும். மவுஸின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டான்.

மேடத்துக்குப் போன் பண்ணினான். பதினொன்றும் வந்துவிட்டது என்றான். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வா. அப்புறம் பேசலாம்," என்றாள். குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. அந்த 'அப்புறம் பேசலாம்' அவனோடு பேருந்தில் ஏறி வீடு வரை வந்தது.

அம்மா கதவருகில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்.

"அம்மா, உன் பழைய படத்தைக் காலைல நானே அழிச்சிட்டேன்மா. சாயங்காலம் திரும்பக் கிடைச்சிடுச்சு."

"கிடைச்சிடுச்சுல்ல?"

"கிடைச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?"

"நாளைக்கு டாக்டர் திறக்கும்போது சரியா வரணுமே."

"போனாலும் பயம், வந்தாலும் பயம்." அவள் வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "உங்கப்பா இப்படித்தான். வேட்டு வெடிக்கறதுக்கு முன்னாடியும் நடுங்குவாரு, வெடிச்ச பிறகும் நடுங்குவாரு. நடுவுல மட்டும் நல்லா இருப்பாரு. போ, கையைக் கழுவிட்டு வா."

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

அவள் ஒரு வெங்காயத்தை முழுசாக உரித்து முடித்தாள். "என் பயத்தையும் சேத்து நீயே பட்டுடறியே. எனக்கு எங்க மிச்சம் வெக்கற?"

மறுநாள் காலை டாக்டரின் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. அம்மா உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை. டாக்டர் எண்ணைத் தட்டினார். திரையில் சுட்டி ஒரு கணம் சுழன்றது.

பழைய படம் வந்தது. முழுசாக. இரண்டு சாம்பல் இறக்கைகள், வலப்பக்கம் கீழே அந்தப் புள்ளி. டாக்டர் பார்த்துவிட்டு மூடினார். புதுப் படத்தைத் திறந்தார். அங்கேயும் இங்கேயும் நகர்த்தினார். "ம்," என்றார். பிறகு, "பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்," என்று சொல்லிவிட்டுப் பழைய படத்தை மறுபடி திறக்கப் போனார்.

இரண்டாம் தடவை.

சுட்டி சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. அவன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தான். பத்து தடவை பார்த்தோமே, சான்றிதழ் பத்து தடவையும் இருந்ததே என்று அவன் மனசு சொன்னதை அவன் காதே நம்பவில்லை.

வந்தது. டாக்டர் இரண்டையும் அருகருகே நிறுத்தி, புள்ளியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். பிறகு அடுத்த படத்திலும் ஒரு கோடு. அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"அது ஒம்பது," என்றார் டாக்டர். இன்னொரு முறை அளந்தார். "இதுவும் ஒம்பதுதான். வளரல."

அவன் வாயைத் திறந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று டாக்டர் நினைத்திருப்பார்.

"டாக்டர், ரெண்டையும் மூடிட்டு இன்னொரு தடவை திறந்து காட்டறீங்களா?"

"ஏன்? என் அளவுல நம்பிக்கை இல்லையா?"

"சந்தேகம் உங்க மேல இல்ல டாக்டர்."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் மூடினார், திறந்தார். இரண்டும் வந்தன. "ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும். இதைப் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லுங்க," என்றார். வைத்திருக்கிறவன் எதிரில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

வெளியே வந்து படியிறங்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேடம். 'முடிஞ்சிருந்தா வா. மையத்து முதலாளியும் வந்திருக்கார்.' படித்துவிட்டு உள்ளே போட்டான். அம்மா படியிறங்கத் தோதாக அவன் கையைப் பிடித்தாள்.

"ஏன்டா, நல்ல சேதிதானே சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அப்புறம் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

அவள் கையை விடவில்லை. தெருவுக்கு வந்ததும் போனை எடுத்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தான்.